சுடாத துப்பாக்கியின் மகிமை

உலகத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கோடிப் பேர். அதன் அருமை அறிந்தவர் அன்னவாசல் உடையப்பன் அம்பலம் ஒருவரே. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த கையோடு, பெரிய வீடுகளில் கழித்துக் கட்டிய ஏர்கன்களை அவர் வாங்கிச் சேர்க்கத் தொடங்கினார். பத்து வருஷத்தில் மச்சு அறை நிறைந்துவிட்டது. அங்கிருந்த விதைச்சோள மூட்டைகள் மாட்டுக் கொட்டகைக்குக் குடிபெயர்ந்தன.

சேகரிக்கத் தகுந்த ஏர்கன் எது? அம்பலத்துக்கு இதில் ஒரே கொள்கைதான். அது சுட்டிருக்கக் கூடாது. ஒரு ரவை வெளியே போய்விட்டால் வெறும் ஆயுதம், போகாதிருந்தால்தான் 'பொக்கிஷம்'. ஆயுத பூஜையன்று கலப்பைக்கும் அரிவாளுக்கும் சந்தனப் பொட்டு வைத்தவர், ஏர்கன்களுக்கு மட்டும் தள்ளி நின்றே சூடம் காட்டினார். பொட்டு வைத்தால் பாலீஷ் போய்விடுமாம்.

அந்த மார்கழியில் சோளக்கதிர் பால் பிடித்ததும் கிளிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. வருஷச் சாப்பாடே அந்தச் சோளக் கொல்லைதான். அம்பலத்தின் மனைவி செங்கமலம் காவல் பரண்மேல் நின்று தகரம் தட்டிக் கத்தி, தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, ஒரே ஒரு தடவை சுடுங்க. கிளி மேல படவேணாம், சத்தம் கேட்டாப் போதும்."

"கூறுகெட்டவளே, சுட்டா மதிப்புப் போயிரும்டி!"

"சோளம் போயிருச்சுன்னா என்னத்தத் திங்கிறது?"

நியாயமான கேள்வி. அம்பலம் தீர ஆலோசித்து ஒரு சமரசத் தீர்மானம் நிறைவேற்றினார்: கிளிகளுக்குத் துப்பாக்கியைக் 'காட்டுவது'. பட்டுத் துணியில் சுற்றி, வெயில் படாமல் குடை பிடித்து, வரப்பு வரை எடுத்துப்போய் நீட்டினார். கிளிகள் மரியாதையாகப் பார்த்தன. ஒன்று பறந்து வந்து குழல்மேல் உட்கார்ந்து எச்சமிட்டுவிட்டுப் போயிற்று. அம்பலம் கண்கலங்கி வீட்டுக்கு ஓடி வந்து, தையல் மிஷின் எண்ணெய் போட்டுப் பொழுது சாயும் வரை துடைத்தார். அதற்குள் பாதிக் கொல்லை காலி.

தை பிறந்தபோது கொல்லையில் வெறும் சோளத்தட்டைதான் நின்றது. அன்றைக்கென்று பார்த்து, புதுக்கோட்டை 'ஏர்கன் அபிமானிகள் சங்க'த் தலைவர் ஆத்மநாதன் பூதக்கண்ணாடியோடு வந்தார். ஒவ்வொரு குழலாக உற்றுப் பார்த்தார்.

"பிரமாதங்க! ஒண்ணுகூடச் சுட்டதில்ல, ஒரு கீறல் இல்ல. திருச்சி ஜில்லாவுலயே இப்படி எங்கிட்டும் பாத்ததில்ல. வேற ஏதும் இருக்குங்களா?"

"இவ்வளவுதாங்க" என்றார் அம்பலம், மார்பை நிமிர்த்தி.

மோர் கொண்டுவந்த செங்கமலம் சொம்பைக் கீழே வைத்தாள். "இன்னொண்ணு இருக்குங்கய்யா. கல்யாணமான நாள்லேருந்து எண்ணெ தேச்சு, நெழல்லயே வச்சு நாந்தான் காப்பாத்திக்கிட்டு வாரேன். இன்னைக்கு வரைக்கும் ஒண்ணுத்துக்கும் ஒதவுனதில்ல. அதையும் சேத்துக் கொண்டுபோயிருங்க."

ஆத்மநாதன் மோரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அம்பலமோ பரபரவென்று மச்சு அறையைத் துழாவினார்.

"என்கிட்ட காட்டவே இல்லையேடி! எந்தக் கம்பெனித் தயாரிப்பு?"

"ஒங்க ஆத்தா தயாரிப்பு."