பதினேழு பள்ளமும் ஒரு சிலாப்பும்

அணை கட்டியவனுக்குச் சிலை வைக்கிறார்கள். கோபுரம் எழுப்பியவனுக்குக் கல்வெட்டு வெட்டுகிறார்கள். பத்தே நிமிடம் இருந்த ஒன்றை அரசாங்க ஏட்டில் என்றென்றைக்கும் இருக்கவைத்த மனிதனுக்கு இந்த உலகம் என்ன செய்தது? ஒரு மண்ணும் செய்யவில்லை. அந்த அநியாயத்தைச் சரிக்கட்டவே, ஆனைவயல் பேரூராட்சியின் தற்காலிகப் பணியாளர் திரு. சத்தியராஜ் அவர்களின் மகத்தான வரலாறு இங்கே எழுதப்படுகிறது.

ஆனைவயல், காட்டுப்பாக்கத்துக்கும் நசரத்பேட்டைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. வரைபடத்தில் தேடி மெனக்கெடவேண்டாம். அது படங்களில் மட்டுமே உருப்படியாக இருக்கும் ஊர்.

அந்தப் படங்களை எடுப்பதுதான் சத்தியராஜுக்கு வேலை. கல்யாணப் படம், காதுகுத்துப் படம் என்று நினைத்துவிடாதீர்கள். 'பணி முடிவுற்றமைக்கான ஆதாரப் படம்'. செல்போனில் ஒரு செயலி உண்டு. அதில் எடுத்தால் படத்துக்கு அடியிலேயே தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தானாக வந்து விழும். குப்பை அள்ளிய தெருவை, மாடியிலிருந்து அடுத்த பை விழுவதற்குள் எடுத்தவர் அவர். நட்ட மரக்கன்றை, ஆடு வந்து வாய் வைப்பதற்கு முன் எடுத்தவரும் அவரே. தெருவிளக்கு ஒன்று அணைவதற்கு முன் ஒரே ஒரு முறை கண் சிமிட்டியது. அந்தச் சிமிட்டலையும் விடவில்லை மனிதர். ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். தெரு இன்றைக்கும் சுத்தமாக இருக்கிறது, விளக்கு எரிகிறது, கன்று மரமாகிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஊரில் எதை எதையோ நிலைக்க வைத்தவர், பதினொரு வருடமாகத் தான் மட்டும் தற்காலிகமாகவே இருந்தார். பணி நிரந்தர ஆர்டர் வரும், வரும் என்று காத்திருந்ததில் முன்மண்டை வழுக்கையாகிவிட்டது. மனைவி ரோஸி அவரிடம் கேட்டதெல்லாம் இரண்டே இரண்டுதான். ஒன்று, அந்த ஆர்டர். இன்னொன்று, வீட்டு வாசலில் வாயைப் பிளந்துகொண்டிருக்கும் மழைநீர் வடிகால் பள்ளத்துக்கு ஒரு மூடி.

"மழை வந்தா தண்ணி நின்னு பள்ளம் எது, ரோடு எதுன்னே தெர்ல. ஜெனிஷா டெய்லி சைக்கிள்ல போவுது. ஏதாவது ஒண்ணு ஆயிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்பாள் ரோஸி, மகளை நினைத்து.

"ஆர்டர் வரட்டும் ரோஸி. அப்பால பாரு" என்பார் சத்தியராஜ். பதினொரு வருடமாக எல்லாக் கேள்விக்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அதுதான்.

புரட்டாசி முடியும் நேரத்தில் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஊரிலுள்ள திறந்த பள்ளங்கள் பதினேழையும் மழைக்கு முன் மூடி, ஆதாரப் படங்களை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். செயல் அலுவலர் லோகநாயகி மேடம் சத்தியராஜைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பதினேழு படமும் போகலன்னா என் தலைதான் உருளும், சத்தியராஜ்."

"பள்ளம் மூடற சிமெண்ட் சிலாப் ஒண்ணுதானே மேடம் வந்து இறங்கியிருக்கு?"

"மீதிப் பதினாறும் வந்துகொண்டிருக்கிறது" என்றார் மேடம். இந்த மாதிரி வாக்கியங்களை மட்டும் அவர் எப்போதும் சுத்தத் தமிழில் சொல்வார்.

சத்தியராஜ் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மேடம், மேல கேட்டிருக்கறது பள்ளத்தையா, படத்தையா?"

மேடம் கண்ணாடியை எடுத்து மாட்டி, சுற்றறிக்கையை மூன்று தரம் படித்தார். "படத்தைத்தான் அனுப்பச் சொல்லியிருக்கு."

"அப்போ ஒரு சிலாப் தாராளம் மேடம்."

பதினொரு வருடத்தில் முதல் முறையாக மேடம் அவரை உட்காரச் சொன்னார். "இதை மட்டும் முடிச்சுக் குடுங்க. உங்க ஆர்டருக்கு நான் பொறுப்பு."

அன்று மாலையே சத்தியராஜ் பட்டியல் தயாரித்தார். முதல் பள்ளம், பஸ் நிறுத்தத்தில் சரசாவின் டீக்கடை வாசல். பதினேழாவது, கடைசிப் பள்ளம், அவர் வீட்டு வாசல். இதைச் சுயநலம் என்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. ஊரெல்லாம் சுற்றி உழைத்த சிலாப் கடைசியில் எங்காவது ஓரிடத்தில் ஓய்ந்து கிடக்கத்தானே வேண்டும்? அது தன் வாசலாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்ற பெருந்தன்மைதான்.

வியாழக்கிழமை காலை யூசுப்பின் 'குட்டி யானை' சரக்கு வண்டியில் சிலாப் ஏறியது. தூக்கி இறக்க இரண்டு ஆள், ஒரு கடப்பாரை. டீக்கடை வாசலில் சிலாப் இறங்கிப் பள்ளத்தின் மேல் பாந்தமாகப் பொருந்தியதும் சரசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் ஓசியில் டீ ஊற்றிக் கொடுத்தார். சத்தியராஜ் டீயை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் படம் எடுத்தார்.

"தூக்குங்கப்பா."

சரசா திகைத்துப் போனார். "இன்னா நைனா, இப்பதானே மூடுனே? இன்னாத்துக்குத் தூக்கறே?"

"மூடியாச்சும்மா. பதிவாயிடுச்சு."

"பள்ளம் அப்டியே கீதே!"

"அது இங்க பாக்கறப்ப. அங்க பாத்தா மூடிகீது" என்று சத்தியராஜ் மேலே கையைக் காட்டினார். சரசா ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு டம்ளர்களைப் பிடுங்கிக்கொண்டார்.

இப்படியே ஒவ்வொரு வாசலாகப் போனது மூடுவிழா. மூடிய கையோடு திறப்புவிழாவும் நடந்ததால் ஒரே செலவில் இரண்டு விழா. சிலாப்புக்கு ஒரு மூலை உடைந்திருந்தது. எல்லாப் படத்திலும் ஒரே உடைசல் தெரியக்கூடாதே என்று யூசுப் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டான். ஒரு இடத்தில் சேற்றைப் பூசினான், இன்னொரு இடத்தில் சுண்ணாம்பால் கோலமே போட்டுவிட்டான். எல்லாம் சரியாக நடந்தது. ஆனால் டீக்கடையில் பன் தின்ற செவலை நாய் ஒன்று, வண்டி போகுமிடமெல்லாம் பின்னாலேயே ஓடிவந்து, சிலாப் இறங்கியதும் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டினாலும் போகவில்லை.

படங்களைப் பார்த்த மேடம் போனில் கூப்பிட்டார். "சத்தியராஜ், பதினோரு படத்துல அதே நாய் உட்கார்ந்திருக்கே?"

"பயனாளி மேடம்."

மறுமுனையில் மேடம் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "சரி. பயனாளி விவரம்னு ஒரு கட்டம் காலியாத்தான் இருந்தது. போட்டுக்கறேன்."

மதியம் மூன்று மணிக்குப் பதினேழாவது பள்ளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சிலாப் வாசலில் இறங்கியதும் ரோஸி அதன் மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்துப் பார்த்தாள். "மாதாவே! கடசீல ஒரு நல்லது பண்ணிட்டீங்க" என்று புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. சத்தியராஜ் அதையும் சேர்த்தே படம் எடுத்தார்.

சிரிப்பு அடங்குவதற்குள் போன் அடித்தது. மேடம்தான்.

"நாளைக்குக் காலைல மேலதிகாரி நேர்ல பார்க்க வர்றாராம். முதல் பள்ளத்தை மட்டும் பார்ப்பாராம். சிலாப்பை டீக்கடைக்கே கொண்டுபோயிடுங்க."

"மேடம், இது எங்க வீட்டு..."

"உங்க ஆர்டர் ஃபைலும் அவர் கையெழுத்துக்குத்தான் போகுது, சத்தியராஜ். சனிக்கிழமை விழா வெச்சு அவர் கையாலயே குடுக்கறாராம்."

சத்தியராஜ் சிலாப்பைப் பார்த்தார். அதன் மேல் நின்றுகொண்டிருந்த ரோஸியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "கொஞ்சம் எறங்கு ரோஸி" என்றார்.

ரோஸி இறங்கவில்லை. "பதினோரு வருசமா கேட்டதே ரெண்டுதானே? அதுல ஒண்ணையும் தூக்கறீங்களா?"

"ஆர்டர் வரட்டும் ரோஸி. நாளான்னிக்கு விழா. அப்பால பாரு. தோ, படத்துல மூடித்தான் கீது."

ரோஸி இறங்கினாள். சிலாப் வண்டியேறியது. யூசுப்புக்கே மனசு கேட்காமல் வேப்பங்கிளை ஒன்றை ஒடித்துப் பள்ளத்தில் நட்டு, "பாத்து போங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். ரோஸி அதன் உச்சியில் ஜெனிஷாவின் பழைய சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

சனிக்கிழமை, சமுதாயக் கூடத்தில் விழா. தற்காலிகப் பணியாளர்கள் ஒன்பது பேர் வரிசையாக நின்றார்கள். சத்தியராஜ் முதல் ஆள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கன்னத்தில் பவுடர். முந்தின நாள் டீக்கடை சிலாப்பைப் பார்த்துத் திருப்தியாகப் போன மேலதிகாரி அவருக்குப் பொன்னாடை போர்த்தி, நீளக் கவர் ஒன்றைக் கையில் கொடுத்தார். புகைப்படக்காரர் ஸ்ரீராம், "சார், இங்க பாருங்க, சிரிங்க" என்றார். சிரிக்கச் சொல்ல வேண்டுமா? பதினொரு வருடச் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்தது. பளிச்சென்று மின்னியது.

மின்னல் மறைவதற்குள் அலுவலக உதவியாளர் லட்சுமணன் பொன்னாடையை உருவினார். கவரையும் பிடுங்கினார்.

"அண்ணே, அது என் ஆர்டர்!"

"படம் விழுந்துருச்சில்ல? நகருங்க, அடுத்த ஆள் நிக்கிறாரு."

அதே பொன்னாடை, அதே கவர், ஒன்பது தோளுக்கும் ஒன்பது கைக்கும் போய் வந்தது. ஐந்தாவது ஆளிடம் லட்சுமணன் கவரைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார், ஓரத்துக் கசங்கல் தெரியாமல். சத்தியராஜ் அந்தக் கவரையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த வேலை அவருக்குத் தெரிந்த வேலை.

விழா முடிந்ததும் மேடத்திடம் ஓடினார். "மேடம், என் ஆர்டர்?"

"ஒண்ணுதான் வந்திருக்கு. மீதி எட்டும் வந்துகொண்டிருக்கிறது."

"அந்த ஒண்ணு யாருக்கு மேடம்?"

"யாருக்கும் இல்ல. அது வெறும் கவர்." மேடம் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் நீங்க காட்டின வழிதான். மேல ஒரே பாராட்டு! இனிமே எங்க போனாலும் இந்த முறைதானாம்."

வெளியே குட்டி யானை உறுமிக்கொண்டிருந்தது. "அண்ணாத்தே, கவரு எங்க? பக்கத்து ஊர்ல ரெண்டு மணிக்கு விழாவாம், எடுத்துகினு வரச் சொன்னாங்க" என்றான் யூசுப்.

வீட்டு வாசலில் வேப்பங்கிளை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஜெனிஷாவின் சைக்கிள், முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. உள்ளே ஜெனிஷா இரண்டு முழங்காலிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"கம்ப்ளைன்ட் நம்பருக்குப் போன் போட்டேன்" என்றாள் ரோஸி. "அந்தப் பள்ளம் வியாழக்கெழமையே மூடியாச்சு, அங்க யாரும் வுழ முடியாதுன்றாங்க. படம் கீதாம். நான்தான் அது மேல சிரிச்சிகினு நிக்கறேனாம். எடுத்தவரு பேரு சத்தியராஜாம்."

சத்தியராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"சரி, ஆர்டர் எங்க? குடுங்க. மாதா படத்தாண்ட வெக்கணும்."

அவர் மெதுவாகச் செல்போனை நீட்டினார். பொன்னாடை, கவர், சிரிப்பு. "படத்துல... கீது."

ரோஸி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே போய், ஆர்டர் வரும் நாளுக்கென்று ஆக்கிவைத்த சிக்கன் பிரியாணியை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படாத மனிதர் ஆவலாகக் கையை நீட்டினார்.

"இருங்க." அவருடைய செல்போனாலேயே ஒரு படம் எடுத்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

"இன்னா ரோஸி!"

"சாப்டாச்சு. பதிவாயிடுச்சு."

"எனக்குப் பசிக்குது ரோஸி..."

"அது இங்க பாக்கறப்ப. படத்துல பாரு, தேதி கீது, நேரம் கீது, தட்டு நெறைய கீது. பதினாறு ஊட்டு வாசல்லயும் இதைத்தானே பண்ணிட்டு வந்தே? உன் பொண்ணு வுழுந்த அப்பாலதான் உனக்குப் பள்ளம் கண்ணுக்குத் தெரியுதா?"

தட்டோடு வாசலுக்குப் போனாள். வியாழக்கிழமையிலிருந்து அங்கேயே தங்கிவிட்ட செவலை நாய் எழுந்து நின்றது. தட்டைக் கவிழ்த்தாள்.

பயனாளி வயிறார உண்டார். வாலை ஆட்டினார். ஆனைவயல் பேரூராட்சி எல்லைக்குள் அந்த ஆண்டு யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது கிடைத்தது என்றால் அது அந்த ஒன்றுதான். அதை மட்டும் யாரும் படம் எடுக்கவில்லை.