ஞானபாக்கியம் கட்டிய மோட்டார்

ராஜபாளையம்
12.8.1992

பட்டாளத்திலிருக்கும் மைத்துனன் பொன்னுராஜுக்கு அத்தான் ராஜரத்தினம் எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அக்காளும் மகள் ஞானபாக்கியமும் சுகம். பனிக்கும் குண்டுக்கும் நீ தப்பியிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

நிற்க. இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் போன பிள்ளையை இருபத்திரண்டு வருஷமாய்ப் பொத்திப் பொத்தி வளர்த்தது உனக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஊனமுற்றோர் சேவை மையத்திலிருந்து அங்காளம்மாள் என்றொரு டீச்சர் வீட்டுக்கு வந்து, "பிள்ளைக்கு என்னென்ன செய்ய வரும்?" என்று கேட்டார். செய்ய வராததையெல்லாம் அரை மணி நேரம் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, அவளிடமே கேட்டார். "மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுத்திக் காயில் கட்டப் படிக்கணும்" என்றாள். நான் மயங்கி விழாத குறை. ஆறு மாதம் அங்கே படித்தாள். நானும் கூடவே போய் வாசலில் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் அவர்களே இங்கே ஒரு கடை பார்த்து, அவளுடைய மூன்று சக்கர வண்டி ஏற வாசலில் சரிவும் கட்டிக் கொடுத்தார்கள்.

போன வாரம் தேவதானத்துச் சம்சாரி சோலைச்சாமி, எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். "பயிரு கருகுது. மெக்கானிக் எங்க அண்ணாச்சி?" என்றார். பிள்ளைக்கு எதற்கு இம்புட்டுப் பெரிய மோட்டார் என்று நினைத்து, "ஊருக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டேன். உள்ளேயிருந்து, "மெக்கானிக் நாந்தான். எறக்குங்க" என்று சத்தம். சோலைச்சாமி அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேறு வழியில்லாமல் இறக்கினார்.

இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் கட்டினாள். ஓட்டிப் பார்க்கும் நேரத்தில் எனக்கு ஒரே பயம். பிள்ளைக்கு ஷாக் அடித்துவிட்டால்? மெல்லப் பின்னால் போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். அவள் சுவிட்சைப் போட்டாள். மோட்டார் அசையவில்லை. சோலைச்சாமியின் முகம் செத்துப்போனது. அவள் பதறவில்லை; டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, மெயினை நீங்களா அமத்துனிய?"

"இல்லம்மா, செத்த நேரம் ஆறட்டும்னு..."

"இன்னும் ஓடவே இல்லையேப்பா!"

மெயினைப் போட்டேன். மோட்டார் ஒரே சீராய் ஓடியது. சோலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மோட்டாருல கோளாறு இல்ல அண்ணாச்சி, ஒங்ககிட்டதான் இருக்கு" என்றார். மறுநாளே வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டதென்று ஆள்விட்டுச் சொன்னார். மாப்பிள்ளை, மில்லில் முப்பது வருஷம் உழைத்த எனக்கு டீக்கடை பெஞ்சில் யாரும் இடம் விட்டதில்லை. இப்போது, "மெக்கானிக்கோட அப்பா வாராக" என்று எழுந்திருக்கிறார்கள்!

ஆனாலும் நான் இல்லாவிட்டால் பிள்ளை தடுமாறிப்போவாள் என்பதால் தினமும் கடையிலேயே இருக்கிறேன். ஆண்டவர் உன்னைச் சேதமில்லாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் ராஜரத்தினம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஞானபாக்கியம் வாங்கிப் படித்துவிட்டாள். நான் கடைக்கு வராத நாளில்தான் வேலை சீக்கிரம் முடிகிறதாம். பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடுவது எப்படி என்று சேவை மையத்தில் பெற்றோருக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. அதில் என் பேரைக் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமை போகவேண்டும். துணைக்கு வாம்மா என்றேன். வேலை கிடக்கிறதாம்.