ஷரஃபுதீன் பாயின் குத்துவாளைத் தேய்த்தவனுக்கு

மயிலாப்பூர்,
வியாழக்கிழமை.

சிரஞ்சீவி ஸ்ரீகிருஷ்ணாவுக்கு அத்திம்பேர் வேதாந்தத்தின் ஆசீர்வாதம். இங்கே உன் அக்கா சௌக்கியம். என்னைப் பற்றிக் கேட்காதே. கே.கே. நகரில் நீயும் சௌக்கியமாக இருக்க கேசவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். உன்னை நேரில் திட்டித் தீர்க்கும்வரை உனக்கு ஒன்றும் ஆகக்கூடாது. போனில் பேசினால் "விடுங்கோ அத்திம்பேர்" என்று சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய ராணுவக் குத்துவாள்களைச் சேர்த்து அவற்றின் சரித்திரத்தைத் தேடுவது ரிட்டயர் ஆனவனின் பைத்தியம் என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள். ஆனால் பீரோவில் மல் துணியில் சுற்றி வைத்திருந்த குத்துவாள் என்னுடையதே இல்லை. ராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீன் பாயுடையது. அவருடைய கொள்ளுத்தாத்தா முதல் உலக யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போனவர். திரும்பி வந்தது குத்துவாள் மட்டும்தான். அவர் எந்த ரெஜிமென்ட் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து, கைப்பிடி ஓரத்தில் பாதி அழிந்த ரெஜிமென்ட் நம்பரை மூன்று வருஷமாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஆயுதத்தின் துருவைத் தொடவே கூடாது, அதோடு அடையாளமும் போய்விடும், தெரியுமா உனக்கு?

நானும் அக்காவும் காஞ்சிபுரம் போயிட்டு வர வரைக்கும் ஆத்தைப் பாத்துக்கோடான்னா நீ என்ன பண்ணினே? பீரோவைத் திறந்தே. அத்திம்பேர் கத்தி துருப்பிடிச்சுக் கெடக்கேன்னு இரக்கப்பட்டே. புளியைக் கரைச்சு ஊறப்போட்டே, செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சே, அது போறாதுன்னு மாட வீதியில சாணை பிடிக்கறவர்கிட்ட குடுத்துத் தீட்டிண்டு வந்தே, அங்கேயே நம்பர் போச்சு, அப்புறம் கூர் இருக்கான்னு பாக்க பலாப்பழத்தை வெட்டினே. பலாப்பழம்டா! பஸ்ராவுக்குப் போன கத்தி! நல்லெண்ணெய் தடவிண்டுதான் வெட்டினேன்னு அக்காகிட்ட பெருமை வேற. அதோட விட்டியா? கிண்டி எஸ்டேட்டுல யாரோ கருணாகரன் நிக்கல் முலாம் பூசறாராம், எனக்கு சர்ப்ரைஸாம், மஞ்சப்பைக்குள்ள குத்துவாளைப் போட்டுண்டு மெட்ரோ ஸ்கேனர் வழியா போனியே, புத்தி இருக்கா உனக்கு?

மெட்ரோவில் உன்னைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று போன் வந்ததும் காஞ்சிபுரத்திலிருந்து கார் பிடித்து ஓடி வந்தேன். "சார், இது நூறு வருஷப் பழசு" என்றேன். அந்தப் போலீஸ்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், நேத்து வாங்குன மாதிரி பளபளன்னு கீது, நூறு வருஷம்ன்றீங்க?"

பக்கத்தில் நின்றுகொண்டு நீ, "தேங்க்ஸ் சார், நான்தான் தேய்ச்சேன்"ங்கறே!

கெஞ்சி, எழுதிக் கொடுத்து, மீட்டுண்டு வந்தேன். இன்னிக்கு சாயங்காலம் பாய் வரார். ரெண்டு கையாலயும் ஏந்திக் குடுத்த மனுஷன். எந்த மூஞ்சியோட அவரைப் பாப்பேன்? இனி இந்த வாசப்படி மிதிக்காதே. நவராத்திரிக்கும் வராதே.

பெருமாள் உனக்கு நல்ல புத்தியையும், உன்னைச் சகித்துக்கொள்கிறவர்களுக்கு நீண்ட ஆயுசையும் தரட்டும். மதுவந்திக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். அவர்கள் மட்டும் வரலாம்.

கோபம் தணியாத,
வேதாந்தம்.

பி.கு.: பாய் வந்துட்டுப் போனார். "மன்னிச்சுடுங்கோ"ன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள குத்துவாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துண்டு போயிட்டார். துரு போன இடத்துல உருது எழுத்து. நான் அதை உன் சாணைக் கீறல்னு நெனச்சிண்டிருந்தேன். "ஷம்ஷாத்"னு படிச்சார். அவரோட கொள்ளுப்பாட்டி பேராம். "நம்பர் சர்க்கார் போட்டது சார். இது கொள்ளுத்தாத்தா தன் கையால கீறினது" என்றார். அந்த எழுத்தை விரலால தடவிண்டே இருந்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்துக் குடுத்தேன்.

போறச்சே, தேய்ச்சது யாருன்னு கேட்டார். சொல்லித் தொலைச்சேன். ஞாயித்துக்கிழமை உன்னை அழைச்சிண்டு அவாத்துக்கு வரணுமாம். உனக்காக சைவமா சமைக்கறாளாம். மாலை போடப் போறாளாம். போட்டுக்கோ. ஆனா நான் பக்கத்துல நிக்கறச்சே சிரிக்காதே.