அடடா சொல்லாத ஒரெஸ்தே

சிசிலித் தீவில் கால் வைத்தது முதல் கால் எடுக்கும்வரை ஒரு 'அடடா' கூடச் சொல்வதில்லை என்று ஒரெஸ்தே சபதம் செய்தார். லேசுப்பட்ட சபதம் இல்லை. சாப்பாட்டுக்குப் பேர்போன வட இத்தாலியின் போலோஞ்ஞா நகரத்தில், தன் சொந்த இறைச்சிக் கடையில், தொங்கிய தொத்திறைச்சிகளைச் சாட்சி வைத்துச் செய்த சபதம்.

விஷயம் இதுதான். மனைவி நுன்ஸியா சிசிலிக்காரி. எட்னா எரிமலையின் அடிவாரத்தில் பிறந்தவள். கல்யாணமான நாளிலிருந்து, கடைத்தெருவே பூட்டிக்கொண்டு விடுமுறைக்குக் கிளம்பும் ஒவ்வொரு ஆகஸ்டும் "எங்க ஊருக்கு வாங்களேன்" என்பாள். ஒவ்வொரு ஆகஸ்டும் தவறாமல் ஒரெஸ்தேவுக்கு முழங்கால் வலி வந்துவிடும். அவரைத் தனியாக விட்டுப்போக மனமில்லாமல் அவளும் தங்கிவிடுவாள். இந்த வருஷம் கடைக்கே வந்து மல்லுக்கு நின்றாள்.

"இங்க இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்றார் ஒரெஸ்தே.

"கடல் இருக்கு."

"உப்புத் தண்ணி."

"எரிமலை இருக்கு."

"நம்ம வீட்டு அடுப்பும்தான் புகையுது."

"சாப்பாடு?"

ஒரெஸ்தே வயிறு குலுங்கச் சிரித்தார். "சாப்பாட்டைப் பத்தி ஒரு போலோஞ்ஞாக்காரன்கிட்டயா பேசறே?"

"சரி, ஒரே ஒரு வாரம் வாங்க. எதைப் பாத்தாவது, எதைத் தின்னாவது ஒரு 'அடடா' சொல்லிட்டீங்கன்னா வருஷா வருஷம் என்கூட வரணும். சொல்லலைன்னா, இனிமே உங்களைக் கூப்பிடவே மாட்டேன். சத்தியம்."

"எப்பவுமே?"

"சாகிற வரைக்கும்."

"அப்ப பெட்டியைக் கட்டு!"

"இருங்க. வாயால சொன்னாலும் சரி, கையால காட்டினாலும் சரி, கணக்கு ஒண்ணுதான்."

அங்கேதான் இடித்தது. கையைக் கட்டிப்போட்டால் ஒரெஸ்தேவுக்குப் பாதிப் பேச்சு போய்விடும். அதிலும் சாப்பாடு பிடித்துவிட்டால் சுட்டுவிரல் தானாகக் கன்னத்துக்குப் போய்த் திருகும். அது அவரைக் கேட்டுக்கொண்டு செய்கிற காரியம் இல்லை. அவர் அப்பாவின் விரலும் அப்படித்தான் திருகியது.

சிசிலியில் இறங்கியதும் முதல் ஆபத்து காலைச் சாப்பாட்டிலேயே வந்தது. நுன்ஸியாவின் அக்கா வெனேரா வீட்டில், கிண்ணத்தில் பாதாம்பால் பனியும், தலையில் கொண்டை போட்ட சூடான பன்னும் வைத்தார்கள். காலங்காத்தாலே எவனாவது பனிக்கட்டி தின்பானா என்று நினைத்தபடியே பன்னைப் பிய்த்துத் தொட்டு வாயில் போட்டார். சூடும் குளிரும் நாக்கில் கட்டிப் புரண்டன. பாதாம் கரைந்து, கடைசியில் ஒரு துளி கசந்து, இன்னொரு வாய் கேட்டது. விரல் பாதி வழி ஏறிவிட்டது. ஒரெஸ்தே அவசரமாக அதைத் திருப்பிக் காதைச் சொறிந்துகொண்டார்.

"என்ன மாப்பிள்ளை, எப்படி இருக்கு?" என்றாள் வெனேரா.

"ஜில்லுனு இருக்கு."

"பனின்னா வேற எப்படி இருக்கும்?"

"பல்லு கூசுது மதினி."

"அதான் மூணாவது கிண்ணமா?"

"மிச்சம் வைக்கக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லி வளத்தாங்க."

அன்றிலிருந்து ஒரெஸ்தே ஒரு தந்திரம் செய்தார். ஊரில் ஒரு கீரைக்கட்டைக்கூடத் தூக்காத மனிதர், வெளியே கிளம்பினால் எல்லாப் பைகளையும் பிடுங்கி இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டார். மீன் சந்தையில் வாள்மீன்கள் வாளை நிமிர்த்திக் கிடந்தன. விற்கிறவர்கள் சண்டை போடுவதுபோல் பாடினார்கள். ஒரெஸ்தேவின் கண் மட்டும் விரிந்தது. கை நிறையக் கத்தரிக்காய்.

"தங்கமான மனுஷன்டி உன் புருஷன்!" என்று வெனேரா உருகினாள். நுன்ஸியா ஒரு பெரிய தர்பூசணியை வாங்கி அவர் கக்கத்தில் செருகினாள்.

மாலையில் சோதனை பெரிதானது. மொட்டைமாடியில் ஒரெஸ்தே முன்ஜாக்கிரதையாகக் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். கீழே கறுப்புப் பாறைகளில் கடல் மோதியது. எதிரே மலை. வெளிச்சம் குறையக் குறைய, உச்சியில் ஒரு சிவப்பு நூல் தெரிந்தது. நூல் கயிறானது. கயிறு கனன்றுகொண்டு சரிவில் மெல்ல இறங்கியது. பூமிக்கடியில் யாரோ கனமான கதவைச் சாத்துவதுபோல ஒரு சத்தம். அடுத்த மாடியில் ஒருத்தி திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூமி கொதித்து வழிகிறது, இவர்கள் அதன் காலடியில் எலுமிச்சை வளர்த்து, துணி காயப்போட்டு வாழ்கிறார்கள்! ஒரெஸ்தேவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை விட்டுவிட்டு இத்தனை ஆகஸ்டுகளாகப் பூட்டிய கடைத்தெருவையா பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. நெஞ்சில் கிளம்பிய 'அடடா' தொண்டைவரை வந்துவிட்டது. குனிந்து, தட்டிலிருந்த ரொட்டியைப் பல்லாலேயே கவ்விக்கொண்டார்.

"ஏங்க, கண்ல என்ன தண்ணி?"

"ம்ம்... புகை."

"காத்து கடல் பக்கம்ல அடிக்குது?"

"என் கண்ணுக்கு மட்டும் இந்தப் பக்கம் அடிக்குது."

இப்படியே ஒரு வாரம் ஓடியது. தீவிலிருந்து கடலைத் தாண்ட, திரும்பும் ரயில் பெட்டிகளோடு அப்படியே ஒரு கப்பலின் வயிற்றுக்குள் நுழைந்தது. கப்பல் கரையை விட்டதும் இருவரும் மேல்தளத்துக்கு ஏறினார்கள்.

"ஒத்துக்கறேன்," என்றாள் நுன்ஸியா. "நீங்கதான் ஜெயிச்சீங்க. இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்."

ஒரெஸ்தே மார்பை நிமிர்த்தினார். தூரத்தில் எட்னா லேசாகப் புகைவிட்டுக்கொண்டு சிறிதாகிக்கொண்டே போனது. நிமிர்ந்த மார்பு மெல்ல இறங்கியது.

"அடுத்த ஆகஸ்டுக்கு அக்கா மாடியறையை எனக்கு ஒதுக்கிட்டா."

"உனக்கா? அப்ப நான்?"

"நீங்க வீட்ல இருங்க. பிடிக்காத ஊருக்கு எதுக்கு வரணும்?"

"இத்தனை வருஷம் நீ என்னை விட்டுட்டுப் போனதே இல்லையே நுன்ஸியா!"

"இத்தனை வருஷம் முழங்கால் வலிக்குதேன்னு பாவமா இருந்துச்சு. தர்பூசணியோட மூணு மாடி ஏறினீங்களே, பாத்தேன். கால் கல்லு மாதிரி இருக்கு."

ஒரெஸ்தே உடைந்தார். "அடடா!" என்று கத்தினார். "அடடா, அடடா! என்ன மலை! என்ன பாதாம்!" இரண்டு விரல்களும் இரண்டு கன்னங்களையும் திருகின. தளத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கப்பல் ஏறியாச்சுங்க. இது கணக்குல வராது."

"நீ கூப்பிடவே வேணாம்மா. நானே வர்றேன்!"

"தாராளமா வாங்க. ஆனா அழையா விருந்தாளிக்கு எங்க அக்கா வீட்ல பாத்திரம் கழுவுற வேலைதான்."

ஒரெஸ்தே குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து மலை தெரியுமா?"