தவளை தனி விலை

"ஓசியாக் குடுக்கிற சாமானுக்கு எதுக்குங்க விலை?"

கடையே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்காரர் கவலைப்படவில்லை. அவருடைய ஒரு கையில் கேம் டிஸ்க் வைத்த மெல்லிய உறை இருந்தது. இன்னொரு கை, சுவரோரம் அடுக்கியிருந்த பெரிய பெட்டிகளைக் காட்டியது. உறையிலும் பெட்டியிலும் ஒரே படம். சிவப்பு பூட்ஸ் போட்ட பச்சைத் தவளை ஒன்று கூரைக்குக் கூரை தாவிக்கொண்டிருந்தது.

அவருக்கு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பெட்டிகளை அழுத்தியும் உயரத்திலிருந்து போட்டும் பார்த்து, தாங்குமா தாங்காதா என்று சொல்ல வேண்டும். அதனால் மாமனார் வீட்டில் வைத்த பெயர் பெட்டிக்காரர். வைத்தவர் சகலை.

விஷயம் இதுதான். சென்ற வாரம் இதே கடையில் மகளுக்காக ஒரு கேம் மெஷின் வாங்கினார். டிவியோடு இணைத்து விளையாடும் மெஷின். உள்ளே கன்ட்ரோலர் இருந்தது, ஒயர்கள் இருந்தன, தவளை இல்லை. அவர் வாங்கி முடித்த கையோடு கம்பெனி ஒரு சலுகையை அறிவித்தது. அதே மெஷின், அதே விலை, இனிமேல் தவளை கேமும் பெட்டிக்குள்ளேயே வரும்.

அதைக்கூட விட்டுத் தொலைத்திருப்பார். முந்தின நாள் சகலை போன் செய்ததுதான் வினை.

"என்ன சகலை, மெஷின் வாங்கினீங்களாமே? நாங்களும் வாங்கிட்டோம். உங்க தவளை எந்தக் கூரையில நிக்குது?"

"எங்களுக்குத் தவளை வரலை."

"வரலையா? எங்களுக்குப் பெட்டியோடவே வந்துதே! கொஞ்சம் பொறுத்து வாங்கியிருக்கலாமில்ல சகலை?"

மனைவியின் அக்காவைக் கட்டியவர் என்பதால் பதிலுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விழுங்கியதெல்லாம் இப்போது கடையில் வெளியே வந்துகொண்டிருந்தது.

கடைப் பெண் பொறுமைசாலி. "சார், பேன்ட் வாங்கினா பெல்ட் இலவசம்னு போடறோம். பெல்ட் மட்டும் வேணும்னா காசுதானே?"

"பேன்ட்டையும் உங்ககிட்டதானேம்மா வாங்கினேன்! இதே பேன்ட்! இதே விலை!"

"அன்னிக்கு பெல்ட் சலுகை இல்லையே சார்."

"அப்போ என் பேன்ட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டு, பெல்ட் வெச்ச பேன்ட்டைக் குடுங்க."

"நீங்க போட்டுட்டீங்களே சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பெட்டிக்காரர் உறையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு கேமை உருவாக்கத்தான் பெருஞ்செலவு. உருவான பிறகு இன்னொரு டிஸ்க் போடுவதற்கு, அதை வைக்கும் அட்டையின் விலைகூட ஆகாது. அதனால் கம்பெனிக்காரன் அதை மெஷினோடு சேர்த்துத் தாராளமாகக் கொடுப்பான். மெஷின் வாங்கியவன் அடுத்தடுத்த கேம்களைக் காசு கொடுத்து வாங்குவான் என்பது கணக்கு. ஏற்கனவே மெஷின் வாங்கிவிட்டவனுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவன்தான் வலைக்குள் வந்தாயிற்றே. எல்லாம் பெட்டிக்காரருக்குப் புரிந்தது. புரியப் புரியத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் மனைவியையும் மகளையும் சோபாவில் உட்காரவைத்து அறிவித்தார். "தவளை இந்த வீட்டுக்குள்ள வந்தா ஓசியாத்தான் வரும். காசு குடுத்து வராது."

"அந்த கேம் நல்லா இருக்குமான்னு யாரும் கேக்கவே இல்லையேப்பா" என்றாள் மகள்.

"அது வேற விஷயம்."

"தனியா வாங்கலாமா வேண்டாமாங்கிறதுக்கு அதுதானே முதல் விஷயம்? நான் ஃப்ரெண்டு வீட்ல விளையாடினேன். காசு குடுத்தா தப்பே இல்லை."

"உன் பெரியப்பா காசு குடுத்தாரா?"

"பெரியப்பாவோட போட்டி போடறதுக்கா எனக்கு கேம் வாங்கறீங்க?"

"ஆமான்னு சொல்லிட்டுப் போங்களேன், வேலை மிச்சம்" என்றாள் மனைவி.

இரவல் வாங்குவது என்று முடிவாயிற்று. பெட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு போன் செய்தார்.

"சகலை, அந்தத் தவளை டிஸ்க்கை ரெண்டு நாளைக்குக் குடுங்களேன்."

"டிஸ்க்கா? அது… வந்து… நாங்களே இப்பதான் நடுவுல இருக்கோம் சகலை. பாதியில எடுத்தா கெட்டுப் போயிடும்."

"டிஸ்க்கு என்ன பாலா, கெட்டுப் போறதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை எல்லாருமா இங்க வந்துடுங்களேன். இங்கேயே விளையாடட்டும் குழந்தை" என்று சொல்லி சகலை போனை வைத்துவிட்டார்.

"பாத்தியா! ஓசியா வந்ததை ஓசியாக் குடுக்க மனசு வரலை!" பெட்டிக்காரர் கூடத்தின் குறுக்கே நடந்தார். "ஞாயித்துக்கிழமை நான் அங்கே போய்க் கையைக் கட்டிக்கிட்டு வரிசையில நிக்கணுமா? நாம போகும்போது, 'எங்ககிட்டயும் இருக்கு சகலை, அலுத்தே போச்சு'ன்னு சொல்லிக்கிட்டுப் போகணும்."

அப்படிச் சொல்லிக்கொண்டு போவதற்கான வழி, மறுநாள் தொழிற்சாலையில் ஒரு பெட்டியை மேலிருந்து போடும்போது தோன்றியது. மாலையில் அவர் வீட்டுக்குள் வந்தபோது கையில் தவளைப் படம் போட்ட புதிய பெட்டி இருந்தது.

மனைவி பெட்டியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "ஏற்கனவே ஒரு மெஷின் இருக்கே."

"அதான் சூட்சுமம். நிதானமாக் கேளு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இதுபோன்ற நேரங்களில் அவர் முகம் பளிச்சென்று ஆகிவிடும். "மெஷினும் தவளையும் சேர்ந்து என்ன விலை? மெஷினோட விலை. அப்போ நான் தவளையை எடுத்துக்கிட்டு, மெஷினை மட்டும் மெஷின் விலைக்கு வித்துட்டா, தவளைக்கு என்ன ஆச்சு?"

"நீங்களே சொல்லிடுங்க."

"ஓசி!"

"ஒரு கேம் வாங்கறதுக்காக ஒரு மெஷின் வாங்கிட்டு வந்திருக்கீங்க."

"வாங்கலை. வாங்கி விக்கிறேன்."

"இன்னும் விக்கலையே."

பெட்டியின் வாயைச் சூடான காற்றால் இளக்கி, அட்டையில் ஒரு நார்கூடப் பிரியாமல் திறந்து, டிஸ்க்கை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினார். தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மகள் ஆசையாக டிஸ்க்குக்குக் கை நீட்டினாள்.

"தொடாதே! உறையைப் பிரிக்கக் கூடாது."

"ஏம்ப்பா?"

"மெஷினை வித்தப்புறம்தான் இது ஓசி. அதுவரைக்கும் காசு குடுத்து வாங்கினது."

மகள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். தவளை பீரோவின் மேல் ஏறியது.

கைபேசியில் விளம்பரம் போட்டார். பெட்டியின் படத்தை நான்கு கோணத்தில் எடுத்துப் போட்டார். 'புத்தம் புதிய மெஷின், கேம் இல்லாமல்.' உடனே ஒருவர் அழைத்தார்.

"பெட்டியில தவளை இருக்கே. உள்ளே ஏன் இல்லை?"

"நான் எடுத்துக்கிட்டேங்க."

"அதுக்குக் கழிச்சுக்கிறீங்களா?"

"எதுக்குக் கழிக்கணும்? தவளைக்கு விலையே கிடையாதே. அது இலவசம்."

"இலவசம்னா எனக்கும் குடுங்க."

அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது. அடுத்து அழைத்தவர்கள் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். ஒருவர் மட்டும் வித்தியாசமாக, "வெக்கமா இல்லை?" என்று கேட்டார்.

கோளாறு பெட்டியின் படத்தில் இருக்கிறது என்று பெட்டிக்காரர் கண்டுபிடித்தார். தவளையின் மேல் பழுப்புக் காகிதத்தை அளவெடுத்து ஒட்டி, மறுபடி படம் எடுத்துப் போட்டார். வந்து பார்த்த ஒருவர் காகிதத்தைச் சுரண்டினார். உள்ளேயிருந்து ஒரு சிவப்பு பூட்ஸ் எட்டிப் பார்த்தது. "எதை மறைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினார்.

சரி, பெட்டியை மாற்றுவோம் என்று பழைய மெஷினின் படமில்லாத பெட்டிக்குள் புதிய மெஷினை வைத்தார். வந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியில் இருந்த எண்ணையும் மெஷினின் அடியில் இருந்த எண்ணையும் வாய்விட்டுப் படித்தார். இரண்டும் சேரவில்லை.

"இது எங்கேருந்து எடுத்தது?"

"எடுத்தது இல்லீங்க, வாங்கினது!"

"எல்லாத் திருடனும் அப்படித்தான் சொல்லுவான். ஆளைப் பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க."

வாழ்நாளில் ஒரு குண்டூசியைக்கூட அவர் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது கிடையாது. ஏமாற்றப்பட்டவன் அவர். அவரையே திருடன் என்கிறார்கள்!

இனி ஒரே வழி, பழைய மெஷினைப் பழைய பெட்டியிலேயே வைத்து விற்பது. எண் சரியாக இருக்கும், படமும் இருக்காது. புதியது தவளைப் பெட்டிக்குள்ளேயே திரும்பிப் போனது. விற்கிற மெஷினுக்குள் வீட்டு விவரங்கள் இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சுத்தமாக அழித்தார். பள்ளியிலிருந்து வந்த மகள், தோழியிடம் இரவல் வாங்கியிருந்த கோட்டை கட்டும் கேமைப் போட்டுப் பார்த்துவிட்டு, அலறினாள்.

"என் கோட்டை எங்கே? ஒரு வாரமாக் கட்டினேனே! மதில்கூட முடிஞ்சுதே!"

"வேற மெஷின் இருக்கும்மா, அதுல…"

"அந்த மெஷின்ல என் கோட்டை எப்படிப்பா இருக்கும்?"

அன்றிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. பழைய மெஷினையும் யாரும் வாங்கவில்லை. பயன்படுத்தியதற்குப் பாதி விலைதான் தருவோம் என்றார்கள். சனிக்கிழமை மதியம் மனைவி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இன்னிக்குள்ள இதுல ஒண்ணு வீட்டை விட்டுப் போகணும். மெஷினா நீங்களான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

சாயங்காலம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் வந்தார். மெஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நீங்க முதல்ல விளம்பரத்துல போட்ட தவளைப் படப் பெட்டிதானே?"

"ஆமா. ஆனா தவளை…"

"படம் கிழியாம இருக்கணும். தவளையும் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு இல்லேன்னா வேண்டாம்."

பெட்டிக்காரர் வேகமாகக் காகிதத்தை உரித்தார். அவர் ஒட்டியதை அவரால் உரிக்க முடியும். தவளை பளபளவென்று வெளியே வந்தது. "மெஷினைப் போட்டுக் காட்டட்டுமா? உள்ளே காத்தாடி எப்படி ஓடுதுன்னா…"

"அதெல்லாம் வேண்டாங்க. எனக்கில்லை, வாங்கிட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்காங்க. கேமைக் குடுங்க."

பெட்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாசலைப் பார்த்தாள். அவர் நாற்காலி போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து தவளையை இறக்கினார். ஹெல்மெட்காரர் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை அணைத்துத் தூக்கினார். கொடுத்தது கடை விலையைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று பெட்டிக்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். அந்த நஷ்டத்தில் தனியாக ஒரு தவளை வாங்கியிருக்கலாம். வாங்கி, மிச்சமும் இருந்திருக்கும்.

"நல்லா வித்தீங்க" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டில் நுழைந்ததும் கண்ணில் பட்டது அந்தப் பெட்டிதான். ஷோகேஸின் மேல்தட்டில், தவளை முன்னால் தெரியும்படி நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"பாருங்க சகலை, பெட்டிகூடப் புதுசு மாதிரியே இருக்கு! நாங்க பொருளை அப்படி வெச்சுக்குவோம்" என்றார் சகலை. "உங்களுக்கும் கொஞ்சம் பொறுமை இருந்திருந்தா…"

"தனியாவே வாங்கலாமேன்னு யோசிச்சேன்" என்றார் பெட்டிக்காரர், நெஞ்சு எரிய.

"ஐயையோ! ஓசியா வர்றதை எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

மகள் முதல்தடவையாக வாய் திறந்தாள். "பெரியப்பா, போடுங்க, விளையாடலாம்."

சகலை டிவியின் பின்னால் புகுந்தார். ஓர் ஒயரை எடுத்துப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், சொருகினார், உருவினார். "ஒயர் அதில்லை சகலை" என்று பெட்டிக்காரர் விளக்கத் தொடங்க, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"டிஸ்க் எங்கே பெரியப்பா?"

"பத்திரமா வெச்சிருக்கேம்மா. இப்ப வந்துடும்."

"வந்துடுமா?"

அழைப்பு மணி அடித்தது. சகலை பதறி எழுந்தார். தலை டிவியில் இடித்தது. "நான் திறக்கறேன்! யாரும் போக வேண்டாம், நானே…" கால் இரண்டும் ஒயரில் சிக்கியிருந்தது.

விருந்தாளியாக வந்தவர் சும்மா உட்கார்ந்திருப்பது அழகில்லை என்று பெட்டிக்காரர் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வாசலில் ஹெல்மெட்காரர். கையில், நேற்று அவர் தோள்பையிலேயே தங்கிவிட்ட, உறை பிரிக்காத தவளை. பெட்டிக்காரரைப் பார்த்ததும் அவர் திடுக்கிட்டு, உள்ளே ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து, காதோடு சொன்னார்:

"சார், நீங்க எங்க இங்க? பணம் பத்தலேன்னா நாளைக்குப் பேசிக்கலாம், இப்ப சத்தம் போட்டுடாதீங்க; எங்க சாரோட சகலை வர்ற நேரம், வீட்ல மெஷினே இல்லாம 'வாங்கிட்டோம், தவளையும் வந்துச்சு'ன்னு அந்த மனுஷன்கிட்ட அளந்து விட்டிருக்காரு, இது நேத்து உங்ககிட்ட வாங்கினதுன்னு தெரிஞ்சா இவர் மானமே போயிடும்!"