மின்னிக்கு மனசு இல்லை

"மின்னியின் முழங்கால் எனக்கு ரொம்பப் பிடித்தது. மின்னியைப் பிடிக்கவில்லை. அவளுக்கு மனசே இல்லை. - மூன்றாம் வாசகி, வயது 15."

பதிப்பகத்திலிருந்து வந்த இந்தக் குறிப்பை லிஃப்ட் மெக்கானிக் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்கு தடவை படித்துவிட்டார். நான்கு தடவையும் அதில் அதேதான் எழுதியிருந்தது.

மின்னி அவருடைய நாவலின் நாயகி. பதினைந்து வயது ஆண்ட்ராய்டு. தான் ஓர் இயந்திரம் என்பதை மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறவள். பகலெல்லாம் லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டு, சாயங்காலங்களில் மூன்று வருஷமாக உட்கார்ந்து அவளை எழுதியிருந்தார். இருபது வருஷம் இயந்திரங்களோடு குடித்தனம் நடத்திய மனிதர் என்பதால் மின்னியின் முழங்காலுக்கு மட்டும் இரண்டரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். கவனமாகப் படித்தால் யாரும் வீட்டிலேயே ஒரு முழங்கால் செய்துகொள்ளலாம்.

பதிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. இளையோர் நாவல் எது வந்தாலும் எழுதியவர் பெயரை மறைத்து மூன்று பிள்ளைகளிடம் படிக்கக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகள் யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். எண்ணும் வயதும் மட்டும்தான். மூன்று பேரும் தலையாட்டினால் அச்சுக்குப் போகும். ஒருவர் உதட்டைப் பிதுக்கினாலும் திரும்பி வரும். முதல் இருவர் மின்னியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். மூன்றாமவள்தான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ரெண்டு தடவை திருத்தி அனுப்பலாம் சார்" என்றார் பதிப்பாசிரியர் அம்மாள் தொலைபேசியில். "அதுக்கப்புறமும் அவங்க ஒத்துக்கலைன்னா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

மனசு உதிரிபாகக் கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. ஆனால் மெக்கானிக்கின் வீட்டிலேயே பதினைந்து வயதில் ஒருத்தி இருந்தாள். அவருக்குத் திடீரென்று அது ஞாபகம் வந்தது.

"அம்மாடி, நீ எதுக்கெல்லாம் வருத்தப்படுவே?"

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்படிக் கேள்வி கேட்டா."

"சரி, சந்தோஷம்னா?"

"கேக்குறத நிறுத்தினா."

நேரடியாகக் கேட்டு வேலைக்காகாது என்று புரிந்தது. லிஃப்டில் கோளாறு என்றால் அவர் லிஃப்டிடமா கேட்பார்? பக்கத்தில் நின்று கவனிப்பார். அதே முறையை மகளிடமும் கையாண்டார். சட்டைப்பையில் எப்போதும் பராமரிப்புச் சீட்டு ஒரு கட்டு இருக்கும். எந்தக் கட்டடம், எந்த லிஃப்ட், என்ன பழுது என்று முன்பக்கம் எழுதுவதற்கானது. பின்பக்கம் காலி. அதில் மகள் குடியேறினாள். 'காலை 7.10: தலை வாரும்போது பெருமூச்சு. காரணம் தெரியவில்லை.' 'மாலை 5.30: ஒண்ணுமில்லை என்றாள். இருக்கிறது.' 'கதவைச் சாத்துதல்: இன்று நான்கு முறை.'

நான்காவது முறை சாத்தியதில் கீல் கழன்றுவிட்டது. கீலை மாட்டிய கையோடு, மறுபடி கழலாமல் இருக்கட்டும் என்று, கதவை மெதுவாக மூட வைக்கும் கருவி ஒன்றையும் மேலே பொருத்திவிட்டார். லிஃப்ட் கதவுகளோடு பழகியவருக்கு அது அரை மணி நேர வேலை.

அன்று மாலை எதற்கோ கோபம் வந்து மகள் உள்ளே போய்க் கதவை ஓங்கி அடித்தாள். கதவு பாதி தூரம் வேகமாக வந்தது. பிறகு யோசித்து, மிகவும் மரியாதையாக, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இந்த வீட்ல ஒரு கதவக்கூட நிம்மதியா சாத்த முடியாதா?"

மெக்கானிக் சீட்டை எடுத்தார்.

"என்னங்க, புள்ளைய வளர்க்குறீங்களா, சர்வீஸ் பண்றீங்களா?" என்று கேட்டாள் மனைவி. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். யாருக்கு எதை எத்தனை வேளை கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவள். கணவருக்கு ஒரு வேளைக்கு ஒரு வாக்கியம்தான் கொடுப்பாள்.

திருத்திய நாவல் போயிற்று. மின்னி இப்போது பெருமூச்சு விட்டாள், ஒண்ணுமில்லை என்றாள், ஒன்பது முறை கதவை அடித்தாள். பத்து நாளில் பதில் வந்தது.

"மின்னி சும்மா எரிந்து விழுகிறாள். அவளுக்குள்ளே ஒரு காயம் இருக்க வேண்டும். அது தெரியவில்லை. - மூன்றாம் வாசகி, வயது 15."

"எவ்வளவு நுட்பமான பொண்ணு" என்று மெக்கானிக் மாய்ந்துபோனார். "நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே."

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. காயம் வேண்டும். மகளுக்குக் காயம் எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. அதனால் சின்னதாக ஒன்று உண்டாக்கலாம் என்று முடிவு செய்தார். பெற்ற தகப்பன் இப்படி யோசிப்பானா என்றால், எழுதுகிற தகப்பன் யோசிப்பான்.

பள்ளியில் இரண்டு நாள் கடற்கரைச் சுற்றுலா இருந்தது. மகள் ஒரு மாதமாக அதே பேச்சாக இருந்தாள். 'போக வேண்டாம்' என்று சொல்லிவிட வேண்டியது. பத்து நிமிஷம் வருத்தப்படட்டும். பார்த்து எழுதிக்கொண்டு, பதினோராவது நிமிஷம் 'சும்மா சொன்னேன்' என்று சொல்லிவிட வேண்டியது. திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று அவர் நினைத்தார்.

"அம்மாடி, சுற்றுலா இந்தத் தடவை வேண்டாம்."

மகள் அவரைப் பார்த்தாள். "ஏன்பா?"

"வேண்டாம்னா வேண்டாம்."

அவர் சீட்டை எடுத்து நிமிர்வதற்குள் தொலைபேசி அடித்தது. அலுவலகக் கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஐந்து பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐந்து பேரையும் வெளியே எடுத்து, பிரேக்கைச் சரிசெய்து, கையெழுத்து வாங்கி வீடு திரும்பும்போது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

"எங்க அவ? நான் சும்மாதான் சொன்னேன், போகச் சொல்லு" என்றார் வாசலிலேயே.

மனைவி நகரவில்லை. "ஆறு மணியோட பட்டியல முடிச்சுட்டாங்க. வரலன்னு இவ சொன்னதும் இடத்த வேற பொண்ணுக்குக் கொடுத்தாச்சு."

"அழுதாளா?"

"இல்ல. பையில எடுத்து வச்ச துணியெல்லாம் திரும்ப மடிச்சு அலமாரியில வச்சா. அப்புறம், அப்பாவுக்கு வேலையில ஏதாவது பிரச்சினையாம்மா, அதான் வேண்டாம்னாரான்னு கேட்டா."

மெக்கானிக் கருவிப்பையைக் கீழே வைத்தார். இருபது வருஷத்தில் எத்தனையோ லிஃப்டுகளில் நின்றிருக்கிறார். இப்படி ஒரு தடவையும் கீழே போனதில்லை. மன்னிப்புக் கேட்பதற்காக நேராக மகளின் அறைக்குத்தான் நடந்தார். ஆனால் வழியில் எழுதும் மேசை இருந்தது.

மறுநாள் காலை மேசையில் கிடந்த சீட்டை மகள் எடுத்துப் படித்தாள். 'துணியை மடித்தல். அழவில்லை. மிக நன்று. ஒன்பதாம் அத்தியாயத்தில் சேர்க்கவும்.'

"மிக நன்றா?" என்றாள்.

"அம்மாடி, அது வந்து..."

"எனக்கு டூர் இல்லன்னது மின்னிக்காகவா?"

அதற்குப் பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமானாலும் அம்மா வழியாகத்தான் கேட்டாள். மூன்றாம் நாள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது.

"அப்பாவுக்கு மனசே இல்லை. திருத்தி அனுப்பவும். - முதல் வாசகி, வயது 15."

அவர் அதைப் படித்தார். உண்மையிலேயே வலித்தது. கல் சூடு ஆறுவதற்குள் தோசையைச் சுட்டுக்கொள்வதுபோல, வலி ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதினார். துணி மடித்தது, வேலையில் பிரச்சினையா என்று கேட்டது, பேச்சை நிறுத்தியது, எல்லாம் மின்னிக்குப் போயிற்று. முழங்காலை நான்கு வரியாகக் குறைத்தார். அனுப்பிவைத்தார்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது.

"மின்னி துணியை மடித்து அலமாரியில் வைத்த இடத்தைப் படித்து அழுதேன். இனி அவள் என் தோழி. இதை எழுதியவருக்குப் பிள்ளைகளின் மனசு நன்றாகத் தெரியும். - மூன்றாம் வாசகி, வயது 15."

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குப் போனார்.

"பார்த்தியா? முகம் தெரியாத ஒரு பொண்ணு. உன் வயசுதான். என்னைப் புரிஞ்சுக்கிட்டா, எனக்காக அழுதிருக்கா. நீயும்தான் இருக்கே, மூணு வாரமா வாயைத் திறக்க மாட்டேங்குறே."

மகள் வாயைத் திறந்தாள். "அப்போ அவளையே பொண்ணா வச்சுக்கோங்க."

எழுந்து வெளியே போய்க் கதவை அடித்தாள். கதவு நிதானமாக, ஓசைப்படாமல் மூடியது. அந்த மௌனத்தில் மெக்கானிக் தனியாக நின்றார். நாவல் அச்சுக்குப் போகிற சந்தோஷம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. புத்தகம் வந்தால் முதல் பிரதியை யாரிடம் நீட்டுவது என்று மூன்று வருஷமாக மனசுக்குள் வைத்திருந்தார்; அவள்தான் இப்போது வெளியே போனவள்.

"மூணு வாரம் கழிச்சுப் பேசியிருக்கா" என்றாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மனைவி. "சீட்டு எடுத்துத் தரட்டுமா?"

அவர் சீட்டுக் கட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அது நல்ல முடிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தான் சொன்னால் மகள் கேட்க மாட்டாள், அவள் வயதுப் பெண் சொன்னால் கேட்பாள் என்று தோன்றிவிட்டது. பதிப்பகத்துக்குத் தொலைபேசி போட்டார்.

"மேடம், அந்த மூன்றாம் வாசகியை ஒரு நிமிஷம் பார்க்கணும். என் மகளோட வர்றேன்."

பதிப்பாசிரியர் அம்மாள் இருமினார். "அது எங்க விதிக்கு ஒத்து வராது சார்."

"நாவலைத்தான் எடுத்துக்கிட்டீங்களே. நன்றி சொல்லிட்டுப் போயிடுறேன்."

"அவங்க வெளியில வர்றதில்ல சார்."

கூச்ச சுபாவம்போல என்று மெக்கானிக் உருகினார். கூச்சப்படுகிற பிள்ளைகள்தான் ஆழமாகப் படிப்பார்கள். ஒரு நல்ல பேனா வாங்கி, வண்ணத்தாளில் சுற்றி, 'மின்னியின் தோழிக்கு' என்று எழுதி, நேரில் போய்க் கொடுக்கக் கிளம்பினார்.

மகள் வர மாட்டாள் என்று நினைத்தார். அவளோ செருப்பை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் நின்றாள். தன் அப்பாவைத் தன்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் எப்படி இருப்பாள் என்று பார்த்தே ஆக வேண்டும் என்ற வைராக்கியம்.

பதிப்பகம் நான்காவது மாடியில் இருந்தது. லிஃப்டில் இருவரும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது மாடி தாண்டும்போது மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

"அன்னைக்கு நேரா உன் ரூமுக்குத்தான் வந்திருக்கணும். தப்பு என்னோடதுதான்."

மகள் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டு நின்றாள்.

பதிப்பாசிரியர் அம்மாள் வெளியே போயிருந்தார். வரவேற்பு மேசையில் ஒரு நடுவயதுப் பெண்மணி உறைகளில் முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் முனகிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் பேனாப் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்ககிட்ட மூன்றாம் வாசகின்னு ஒரு பொண்ணு இருக்கே. என் நாவலைப் படிச்சு அழுதது. மனசுன்னா என்னன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்தக் குழந்தைதான். இத அவகிட்ட கொடுக்கணும்."

"ஆன்ட்டி, அவ எப்படி இருப்பா?" என்று மகள் குறுக்கே கேட்டாள். "அவளுக்கு அப்பா இருக்காரா?"

பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையிலிருந்த சீட்டை உறையில் ஒட்டித் தேய்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரைத் தலையால் காட்டினார்.

"பசங்க கிடைக்கலைன்னு இந்த புரோகிராமுக்குத்தான் மூன்றாம் வாசகி, பதினஞ்சு வயசுன்னு பேர் போட்டு வச்சிருக்கோம் சார், போன வாரம் நான் கை தவறி வருமான வரிக் கையேட்டை உள்ள போட்டுட்டேன், அதுக்கும் படிச்சு அழுதேன்னுதான் எழுதுச்சு."