விசுவகர்மா பூஜையன்று ஒரு தழுவல்

காலை பத்து நாற்பது. பாலிகஞ்சில் அந்தக் கலைக்கூடத்தின் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது, என் தங்கை சுமதி செய்த சிற்பத்தின் கழுத்தில் தொங்கிய துலுக்கச் சாமந்தி மாலை.

சிற்பத்துக்கு இடுப்புக்கு மேலே ஃபைபரில் வார்த்த ஆண் உடல்; நெஞ்சு மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்கும். கீழே மோட்டாரும் நான்கு இரும்புச் சக்கரங்களும். யாராவது எதிரே நின்றால், கைகளை விரித்தபடி தண்டவாளத்தில் மெல்ல முன்னே வரும். ஒரு முழம் இருக்கும்போது நின்று, கைகளை ஒடுக்கிக்கொண்டு திரும்பிவிடும். அந்த ஒரு முழம்தான் மனிதனுக்கும் எந்திரத்துக்கும் உள்ள எல்லை என்பாள் சுமதி. (நான் தலையாட்டுவேன்.)

பதினொரு மணிக்கு டெல்லித் தேர்வாளர் வருகிறார். அவருக்குப் பிடித்தால் சிற்பம் அங்கே பெரிய கண்காட்சிக்குப் போகும். அவள் காத்திருந்தது இதற்காகத்தான்.

ஆனால் சுவிட்சைப் போடமாட்டேன் என்று நின்றார் பாபிதா, அதாவது பாபி அண்ணன். கிடர்பூர்ப் பட்டறையில் மோட்டாரைப் பொருத்திக் கொடுத்த ஃபிட்டர். மாலை அவர் போட்டது. வங்காள மொழியில் நடந்த சண்டையைத் தமிழில் தருகிறேன். ('தீதி' என்றால் அக்கா, மரியாதைக்கு.)

"இன்னிக்கு விசுவகர்மா பூஜை, தீதி. மெஷினுக்கு லீவு."

"இது மெஷின் இல்ல. சிலை."

"சிலைக்கு எதுக்கு ஃபியூஸு?"

"சரி, பாதி மனுஷன்!"

"அப்போ மேல்பாதிய மட்டும் ஓட்டிக்கோ."

சுமதிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நாளிதழில் உதவி ஆசிரியர். எந்த வாக்கியத்தையும் இரண்டு வெட்டில் சரிசெய்பவன். மனிதர்களையும் அப்படிச் சரிசெய்யலாம் என்று அப்போது நம்பியிருந்தேன்.

"எங்க ஆயுத பூஜையில, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டா லீவு முடிஞ்சுது. அப்புறம் வண்டி ஓடலாம்" என்றேன். (முதல் பாதி உண்மை.)

பாபிதா யோசித்தார். பிறகு அவரே ஓடிப்போய் நான்கு பழங்கள் வாங்கிவந்து, தண்டவாளத்தில் பக்தியோடு வைத்தார்.

"அண்ணா, ஸ்லிப் ஆகாதா?" என்றாள் சுமதி தமிழில்.

"ஊர்ல அத்தன லாரியும் வழுக்கியா விழுது?" என்றேன். (லாரிக்கு ரப்பர் டயர் என்பது எனக்கு உறைக்கவில்லை.)

தேர்வாளர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் குர்தா. கைகுலுக்காமல் தூரத்திலிருந்தே வணக்கம் சொல்லும் ரகம். சிற்பத்தின் எதிரே போய் நின்றார். பாபிதா சுவிட்சைப் போட்டார். பழங்கள் நசுங்கின. ஒரு முழம் இருக்கும்போது மோட்டார் முறைப்படி நின்றது, சக்கரங்கள் நிற்கவில்லை. சாற்றில் சறுக்கிக்கொண்டே போயின. கைகள் ஒடுங்க வேண்டிய நேரத்தில் ஒடுங்கின. உள்ளே தேர்வாளர் இருந்தார்.

நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன்.

"ஐயோ, ஆஃப் பண்ணாத! கை லாக் ஆயிடும்!" என்று சுமதி கத்தியபோது, ஆகிவிட்டிருந்தது.

சிற்பத்தின் நெஞ்சுக்கு மட்டும் தனி பேட்டரி. அது மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது. தேர்வாளர் முதலில் திமிறினார். பிறகு திமிறுவது குறைந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சற்று நேரத்தில் இரண்டு நெஞ்சும் ஒரே கதியில் ஏறி இறங்கின. எது எதைப் பின்பற்றியது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பாபிதா ஸ்பானரோடு வந்து தோள்பட்டை போல்ட்டில் கைவைத்தபோது, தேர்வாளர் சொன்ன ஒரே வார்த்தை, "மெதுவாக."

விடுபட்டதும் குர்தாவைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். சுமதி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இப்போதும் வீட்டில் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டால் போதும், என் மனைவி அவளைக் கூப்பிடுவாள்: "சுமதி, உங்கண்ணனுக்கு ஏதோ ஐடியா வந்திருக்கு. ஒரு முழம் தள்ளியே நில்லு."

இத்தனைக்கும் சிற்பம் தேர்வாகியிருந்தது. டெல்லியில் அதன் மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, சுற்றிலும் கயிறு கட்டிக் காட்சிக்கு வைத்தார்கள்.